விற்றுவிட்ட வண்டியில்

முன்பணம் வாங்கியாயிற்று.
சனிக்கிழமை இருட்டுவதற்குள் பிக்கப்பை
சான் எலீசியோவில் ஒப்படைக்க வேண்டும்.
நெடுஞ்சாலையில் மூன்று மணிநேரம்.
டார்டோ பழைய சரளைச் சாலைக்குத் திருப்பினான்.
ஏனென்று நான் கேட்கவில்லை.
மாத்தே குடுவையில் கசப்பு இலையை நிரப்பினேன்,
பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

அறுபதைத் தாண்டினால்
கதவு தானாகத் திறந்துகொள்ளும் வண்டி.
அதனால் ஐம்பது.
மேட்டில் நாற்பது.
செம்மறிகள் குறுக்கிட்டால் அவை வைத்ததுதான் வேகம்.

உருகுவேயில்
மலை என்று சொல்லிக்கொள்ள மலை கிடையாது.
படுத்திருக்கும் மாட்டின் விலாபோல் ஒரு மேடு,
அதைத் தாண்டினால்
இன்னொரு மாடு.
வேலிக்கு அப்பால் ஒரு நந்தூப் பறவை
நெருப்புக்கோழிக்குத் தம்பிபோல
கொஞ்சதூரம் எங்களோடு ஓடிவந்தது,
சலித்து,
முந்திப் போய்விட்டது.

நாங்கள் வருவதை ஆட்காட்டிகள்
எங்களுக்கு முன்னே பறந்து சொல்லிக்கொண்டே போயின,
யாரிடம் என்றுதான் தெரியவில்லை.
இருபது கிலோமீட்டராக ஆளே இல்லை.

ரயில் வராத நிலையமொன்றில் நிறுத்தினோம்.
நிலைய அதிகாரியின் அறையில்
பசு கன்று ஈன்றிருந்தது.
பயணச்சீட்டு ஜன்னல் வழியே
எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு
நக்கிக்கொடுக்கப் போய்விட்டது.

ஓடையில் பாலத்துக்கு மேல் முழங்கால் தண்ணீர்.
அக்கரையில் தேனீப் பெட்டிகளோடு ஒரு லாரி.
"வடியட்டும்!" என்று கத்தினான் ஓட்டுநர்.
"வடியட்டும்!" என்றான் டார்டோ.
பேர் வில்மர். மூன்று பெண்கள்.
மூத்தவளுக்குக் கணக்கு வராது.
இவ்வளவும் தண்ணீருக்கு மேலே கத்தியே தெரிந்துகொண்டோம்.
"வண்டி விலைக்கா?"
டார்டோ என்னைப் பார்த்தான்.
"இல்லை!"
பொய்யில்லைதான்.
விற்றாகிவிட்டதே.

மூன்றரைக்குப் பாலத்தின் விளிம்பு தெரிந்தது.
முதலில் அவன் வந்தான்.
எங்கள் பக்கம் லாரியை ஒட்டி நிறுத்தி
இறங்காமலே ஜன்னல் வழியாக மாத்தே வாங்கி
சத்தம் வர உறிஞ்சி முடித்துக் கொடுத்தான்.
அதற்குள் இரண்டு தேனீக்கள்
வண்டி மாறிவிட்டன.

சான் எலீசியோவில் திருமதி ஒட்டோனெல்லோ
டயரை உதைத்துப் பார்த்தார்,
நோட்டுகளை இருமுறை எண்ணினார்.
கதவைப் பற்றிச் சொன்னோம்.
தேனீக்களைப் பற்றிச் சொல்லவில்லை.

திரும்புகையில் பேருந்து, நெடுஞ்சாலை,
இழுத்துவிட்ட திரைச்சீலை.
எந்த ஊர் போகிறதென்று தெரியவில்லை.
ஒவ்வொரு வளைவிலும்
தூங்குகிற டார்டோவின் வலது கால்
தரையை
மெல்ல அழுத்தியது.