ஒன்பது மிச்சம்

புளியரைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்,
டயர்க்கடை மாடியில் என் ஆபீஸ்.
நூற்று நாற்பத்து மூன்று பேருடைய கடவுச்சொற்கள்
என் பொறுப்பில்.
லாரிக்காரர்கள், வைக்கோல் யாவாரிகள்,
பாவூர்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் ஒருவர்,
ஜி.எஸ்.டி. என்றாலே காய்ச்சல் வரும் எல்லாரும்.

மாசானம், செத்துப்போன தன் மயிலைக்காளையின் பேரோடு
ஒன்று இரண்டு மூன்று சேர்த்து வைத்திருந்தார்.
செய்யது பட்டாணி வைத்திருந்தது
யாரென்று நான் கேட்காத ஒரு பெண்ணின் பேர்.
எல்லாவற்றையும் அழித்து
அர்த்தமில்லாத இருபது இருபது எழுத்துகளாக மாற்றினேன்.
மாசானத்துக்கு வருத்தம்தான்.
"காளையக் கொஞ்ச நாள் வச்சிருக்கலாம்லா" என்றார்.

அத்தனைக்கும் ஒரே பெட்டகம்.
பெட்டகத்துக்கு ஒரே சொல்.
அது என் வாய்க்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.
பெட்டகத்தின் நகல் ஒன்று மேகத்தில்,
பூட்டியது பூட்டியபடி.
வாங்கி வைத்திருக்கிறவனுக்கும் திறக்க வராது.
பத்திரம் என்று தூங்கினேன்.

ஆனி பதினாறு. ராத்திரி பெய்தது சாரல் இல்லை, மழை.
கூரைத் தகரத்தில் ஓர் ஆணி கழன்றிருந்தது.
கீழே மேசையில், பக்கத்தில் பக்கத்தில்
சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன
லேப்டாப்பும் போனும்.
எப்போதும் ரெண்டு இடத்தில் வைக்கணும் என்று
ஊருக்கெல்லாம் சொன்னவள் நான்.
ஒரே மேசையின் ரெண்டு ஓரம்.

காலை எட்டு மணிக்கு
சாவடி முன்னால் மாசானத்தின் லாரி.
தார்ப்பாயைத் தாண்டி நனைகிறது வைக்கோல்.
பில் இல்லாமல் நகராது.
டயர்க்கடைக்காரர் மகனின் லேப்டாப்பை இரவல் வாங்கி
மேகத்தின் கதவைத் தட்டினேன்.
யார் நீ, என்றது.
மேகத்தின் சொல்லை மட்டும் தனியே மனப்பாடம் செய்திருந்தேன்,
அந்தப் புத்தியாவது இருந்தது.
சொன்னேன்.
போதாது,
உன் போனுக்கு ஆறு எண் அனுப்பியிருக்கிறேன், என்றது.
போன் அரிசி வாளிக்குள் கிடந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஆரியங்காவிலிருந்து
வேறு மேகங்கள் இறங்கிக்கொண்டிருந்தன,
ஒரு சீட்டும் காட்டாமல்.
கடவு என்றால் வழி.
வழி கண்ணெதிரே கிடக்கிறது,
சொல்லும் இருக்கிறது,
நான்தான் நான் என்று காட்ட ஒன்றுமில்லாமல்
உட்கார்ந்திருக்கிறேன்.

லிஸ்ஸம்மா.
புனலூர் சிட்பண்டில் நாலு வருஷம்
ஒரே மின்விசிறிக்குக் கீழே வேலை பார்த்தோம்.
போன டிசம்பரில் பத்து மீட்பு எண்களை அச்சடித்து
உறையில் ஒட்டி அவளிடம் கொடுத்துவைத்தேன்.
என்னது இது, என்றாள்.
ஒண்ணுமில்ல, நனையாம வை.
அவள் நம்பர் மட்டும் இன்னும் மனசில்,
பட்டன் போன் காலத்துப் பழக்கம்.

பரணில், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் மடித்துவைக்கும்
அட்டைப்பெட்டிக்குள் வைத்திருந்தாளாம்.
ஸ்டூல் ஆடுகிற சத்தம் கேட்டது.
படித்தாள்.
ஏழு. எட்டு. கே.
அவள் ஏழும் என் ஏழும் ஒன்றுதான்.
பிறகு ஒரு வட்டம், என்றாள்.
பூஜ்யமா, ஓ-வா?
வட்டம்.
ஒல்லி வட்டமா, குண்டு வட்டமா?
மோளே, வட்டம்னா வட்டம்.
பூஜ்யம் என்று தட்டினேன். இல்லை என்றது.
ஓ என்று தட்டினேன்.
திறந்தது.

பெட்டகம் இறங்க நாற்பது விநாடி.
விரல்கள் தங்கள் சொல்லைச் சொல்லின.
எண்ணிப் பார்த்தேன், நூற்று நாற்பத்தொன்று.
கடைசியாகச் சேர்ந்த ரெண்டு பேர்
நகலெடுத்ததற்குப் பிறகு வந்தவர்கள்.
அவர்கள் முன்னால் போய்த்
தலையைச் சொறிய வேண்டும்.
மாசானத்தின் பில் போனது.
லாரி மலையேறும் சத்தம் மாடிவரை வந்தது.

லிஸ்ஸம்மா இன்னும் லைனில் இருந்தாள்.
இதைக் கீறிக் களையட்டா?
ஐயோ வேண்டாம்.
படிச்ச வரிய மட்டும் அடிச்சிடு,
அது இனிமே செல்லாது.
மிச்சம் ஒம்பது இருக்கு.
பேனா தேடினாள், கிடைக்கவில்லை.
மகளின் பச்சை ஸ்கெட்ச்தான் உண்டு, போதுமா?
போதும், என்றேன்.
மற்ற வரியில் ஒழுகாமப் பாத்துக்கோ.