ஒரு கொம்பு கூடுதல்

முருகன்குறிச்சி அச்சகத்தின் மாடியறை.
காற்றாடிக்குப் பறக்காமலிருக்க
கையெழுத்துப் பிரதிமேல் ஒரு ஸ்டேப்ளர்.
பலவேசம் சாருடைய நாவல், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
பக்கத்துக்கு இருபத்தைந்து ரூபாய் எனக்கு.

தேரியின் ஓரத்தில் ஓர் ஊர் பிறக்கிற கதை.
மாடத்தியும் அவள் கொழுந்தன்மார் மூவரும்
பதினோரு மாட்டோடு வந்து இறங்குகிறார்கள்.
ஆடிக்காற்றில் செம்மணல் இடம் மாறுகிறது:
அது விதி என்கிறார்.
ஆறாள் ஆழத்தில் ஊற்று கசிகிறது:
அது மன்னிப்பு.
உடைமரம் மட்டும் அறுபத்து மூன்று தடவை வருகிறது
(தேடச் சொன்னேன், கணினி எண்ணிச் சொன்னது).
இரண்டாம் அத்தியாயத்தில் அது பயம்,
ஐந்தில் மாடத்தியின் செத்துப்போன புருஷன்,
பன்னிரண்டில் என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை,
சாயங்கால வெயிலில் அதுபாட்டுக்கு நிற்கிறது,
சார் ஒன்றரைப் பக்கம் அழுகிறார்.

அடிக்கையில் நன்றாகத்தான் இருந்தது.
சில பக்கங்களில் விரல் தானாக ஓடும், டீ ஆறிப்போகும்.

மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கிடைக்காரன் உண்டு.
'மனுசக் கால் படாத பொட்டல்' என்று முடிகிற பத்திக்கு
அடுத்த பத்தியிலேயே
ஆடுகளை ஓட்டிக்கொண்டு குறுக்கே போகிறான்.
இரண்டு வரி. பேரில்லை.
அப்புறம் கடைசிப் பக்கம் மட்டும் அவன் வரவேயில்லை.
அவன் வாயால் வந்திருக்க வேண்டியதையெல்லாம்
மரம் சொல்கிறது,
காற்று சொல்கிறது,
ஒரு மயில் வந்து அகவிவிட்டுப் போகிறது.

இது ஏன் என் கண்ணில் பட்டதென்றால்

ரெட்டியார்பட்டிக்குத் தெற்கே எனக்கும் மூன்று சென்ட் உண்டு.
மஞ்சள் பெயிண்டு அடித்த நாலு கல்.
விற்றவன் கையைச் சுழற்றி
"எல்லாம் காலி இடந்தான்க்கா" என்றான்.
நடுவில் நின்ற உடையை ஜேசிபிக்காரன்
ஒரே தூக்கில் தூக்கிப் போட்டான்,
ஐநூறு ரூபாய், டீச்செலவு தனி.
பால் காய்ச்சிய மறுவாரம் குளியலறையில் சாரைப்பாம்பு.
இரவு பதினொரு மணி, நான் மட்டும், கையில் வாளி.
நாவலில் ஏழாம் அத்தியாயத்துப் பாம்பு குற்றவுணர்ச்சி.
என்னுடையது ஈரத்துக்கு வந்த பாம்பு.
போக வழி தெரியாமல்
புதுச் சுவரையே முட்டிக்கொண்டிருந்தது.

போன மாதம் கேட்டுக்கு வெளியே வண்டிமலைச்சி.
பின்னால் இருபது வெள்ளாடு.
சண்டைக்கு வரவில்லை.
"இங்கன ஒரு உடை நின்னுச்சே,
குட்டிகளுக்கு நெத்து உலுப்பிப் போடுவேன்" என்றாள்.
சுத்திப் போக வழி கெடக்கே என்றேன்.
"கெடக்கு" என்றாள்.
ஒரு கிடாய் மட்டும் கேட்டுக் கம்பியில் முகத்தை வைத்து
இல்லாத மரத்தைப் பார்த்தது.
பார்த்தது என்று நான்தான் சொல்கிறேன்.
அதன் கண் என் முருங்கைமேல் இருந்திருக்கும்.

அன்று ராத்திரி மெய்ப்பு பார்த்தேன்.
'மாடத்தி காட்டை அழித்தாள்' என்பது சார் எழுதியது.
'மாடத்தி கோட்டை அழித்தாள்' என்று
என் கையில் விழுந்திருக்கிறது.
'கா'வுக்கு முன்னால் ஒரு கொம்பு முளைத்துவிட்டது, அவ்வளவுதான்.
வெட்டின இடத்தில் துளிர்த்த மாதிரி என்று
சார் என்றால் எழுதியிருப்பார்.
ஒரு விசையைத் தட்டினால் கொம்பு போய்விடும்.
விரலை வைத்தேன்.
வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன்.

சாரிடம் போய்த் திரும்பி வந்தது.
சிவப்பு மையில் விட்டுப்போன புள்ளி, மிகுந்த ஒற்று,
எல்லாவற்றையும் பிடித்திருந்தார்.
அந்த வரியின் ஓரம் வெள்ளையாக இருந்தது.
கண்ணுக்குத் தப்பியதா, தெரிந்தே விட்டாரா,
கேட்க எனக்கு வாய் வரவில்லை.

புத்தகம் வந்துவிட்டது.
நூற்றெட்டாம் பக்கம், மேலிருந்து நாலாவது வரி.
மாடத்தி கோட்டை அழித்துவிட்டு நிமிர்கிறாள்.
ஐந்தாவது வரியில்
வேலிக்கு முள் வெட்டுகிறாள்.