இருபது ஆட்டம்

பூன் லேயில் வாங்கிய சுருள்வில்,
இரும்புக் கால்கள், என் பழைய பத்திக் சாரோங்.
ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு
வில்லின் விறைப்பை முன்பே அளந்துவைத்திருந்தேன்.
மகள் எயினியை அதில் இட்ட முதல் மாலை
கைபேசியில் நொடிமானியைத் தட்டினேன்.
இருபது ஆட்டம், இருபது நொடி.
நான்கு கிலோ என்றது கணக்கு.
மறுநாள் பாலிகிளினிக் தாதியும் அதையே சொன்னார்,
தராசைப் பார்த்து.

கணவர் செங்குட்டுவன் ஓங்கி இழுத்து விடுவார்,
நான் விரல்நுனியால்.
உயரம் வேறு, நேரம் ஒன்று.
எங்களுக்குள் வழக்கே இல்லாத
ஒரே விஷயம் அதுதான்.

கீழ்வீட்டு மேடம் கோ
துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பார்.
அது என் தரை.
கிரீச்சிடும் கொக்கிக்கு எண்ணெய் போட்டேன்.
குறைந்தது; போகவில்லை.

தள்ளாமல் விட்டால் எதுவும் அடங்கும்.
துணி உரசும், காற்று தின்னும்,
ஆட்டம் பாதியாகி, அந்தப் பாதியும் பாதியாகி
ஏதோ ஒரு கணத்தில்
நின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம்.
அப்படித்தான் ஜூனியர் காலேஜில் எழுதி
முழு மதிப்பெண் வாங்கினேன்.

இரவில் கெண்ட் ரிட்ஜ்.
இரண்டாம் அடித்தளத்தில், வெற்றிடக் கலத்துக்குள்
ஒற்றை பேரிய அயனி
நொடிக்குப் பத்து லட்சம் முறை ஆடுகிறது.
மின்புலமே அதற்கு வில்.
நானும் ஹஃபீஸும் லேசரால்
தட்டித் தட்டி அடக்குகிறோம்,
படிப்படியாக.
பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே படி:
எல்லாம் ஒரே உயரம்,
இடையில் கால் வைக்க இடமில்லை.

எங்கள் புளோக்கின் பழைய லிஃப்ட் இப்படித்தான்.
ஒன்பது, ஐந்து, ஒன்று;
மற்ற மாடிகள் அதற்குக் கிடையாது.
இறங்கிவந்தால் யாரும் குடியில்லாத கீழ்த்தளம்.
ஆங்கிலத்தில் அதற்கு வெறுமை என்று பெயர்.
போன வாரம் அங்கே ஒரு மலாய்க் கல்யாணம்.
அதற்கு முன் பதினோராம் மாடித் திரு லிம்
ஐந்து நாள் பெட்டியில் படுத்திருந்தார்,
விடியும்வரை வேர்க்கடலை உடைபட்டுக்கொண்டிருந்தது.
அந்த வெறுமை சும்மா இருந்து
நான் பார்த்ததில்லை.

மூன்று இருபதுக்குத் திரையில்
சிவப்புப் பக்கத்துக் குன்று கரைந்தது.
நீலப் பக்கத்துக் குன்று அப்படியே நின்றது.
"அடி தட்டியாச்சு" என்றார் ஹஃபீஸ்,
ஆறிப்போன கோப்பியைக் குடித்தபடி.
இனி இந்த அயனியிடமிருந்து எதையும் எடுக்க முடியாது.
கொடுக்கத்தான் முடியும்.
ஆனாலும் அது நிற்கவில்லை.
அரைப் படி மிச்சம்.
இங்கேதான் இருக்கிறேன் என்று சொன்னால்
அசையாமல் இருக்கிறேன் என்றும் சேர்த்துச் சொல்ல
அதற்கு உரிமை இல்லை.

முதல் ரயிலில் திரும்பினேன்.
தொட்டில் எப்போதோ நின்றுவிட்டது என்றார் கணவர்.
துணிக்கடியில் உள்ளங்கை வைத்தேன்.
மூச்சுக்கு மூச்சு, வில் மயிரிழை நீண்டது.
இது அது அல்ல.
இரண்டையும் குழப்பி எழுதும் மாணவர்களுக்குச்
சிவப்பு மையில் கோடு இழுப்பவள் நான்.
கையை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் மாதம் காய்ச்சல்.
கேகே மருத்துவமனையில் மூன்று இரவு.
வீடு திரும்பி
பையைக்கூடப் பிரிக்கவில்லை, கதவில் மேடம் கோ.
துடைப்பத்தைக் கீழே விட்டுவிட்டு வந்திருந்தார்.
"மூணு நாளா சத்தமே இல்ல. பிள்ளைக்கு என்ன?"
சொன்னேன். தலையாட்டினார்.
செருப்பை மாட்டியவர் திரும்பிப் பார்த்தார்:
"முன்ன வேகமா கேக்கும். இப்ப மெதுவு.
கனத்துட்டா, இல்ல?"

அன்றிரவு அளந்தேன்.
இருபது ஆட்டம், இருபத்தெட்டு நொடி.
எட்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.
கீழிருந்து ஒரு தட்டு,
ஒன்றே ஒன்று,
மெல்ல.