நோக்கம் என்ற கட்டம்

பாம்பன் கூட்டுறவு வங்கியில் எனக்குச் சம்பளம் இல்லை.
அடகுக்கு இவ்வளவு என்று கமிஷன்,
ஒரு மேசை, தராசு, உரைகல்,
ஜன்னல் வழியே நாள் முழுக்கக் கருவாட்டு வாடை.

ஜூன் பிறந்தால் எனக்கு அறுவடை.
மீன்பிடித் தடை முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கும்;
பள்ளிக்கூடமும் காலேஜும் காத்திருக்காது.
அந்த இடைவெளியில்தான்
தீவின் கழுத்துகள் எல்லாம் என் மேசைக்கு வரும்.

சின்னப்பாலம் நம்புத்தாயின் சங்கிலி
மூன்று பவுன், கொக்கி வளைந்தது.
முதல் வருஷம் இரண்டு மார்க் ஷீட்டோடு வந்தாள்.
மகன் கணக்கில் ஒரு தடவை தோற்று எழுதியதால்
அண்ணனும் தங்கச்சியும் ஒன்றாகப் பன்னிரண்டு தேறியிருந்தார்கள்.
யாரைச் சேர்க்கலாம் என்று என்னிடம் கேட்கவில்லை.
துணி சுற்றிய விரல்களை மடக்கி மடக்கி
அவளே சொன்னாள்:

"அவன் போட்டுல ஏறினா நாளைக்கு எண்ணூறு,
வாரத்துக்கு மூணு நாள்.
இவ என்னோட பாசிக்கு வந்தா
மாசத்துல பன்னெண்டு நாள், அதுவும் தண்ணி வத்தினா.
அவனை நிறுத்தினா நட்டம் பெருசு.
இவளை விட்டா சின்னது."

அப்படித்தான் வினிஷா நர்சிங் சேர்ந்தாள்.
அப்புறம் ஒரு மகளிர் தின விழாவில்
பெண்ணைப் படிக்கவைத்த தாய் என்று சால்வை போட்டார்கள்.
சால்வையை என் மேசையில் வைத்து
"இது எத்தனை கிராம்ணே" என்று சிரித்தாள்.

விண்ணப்பத்தில் நோக்கம் என்று ஒரு கட்டம் உண்டு.
கல்வி என்றால் வட்டி கூட,
விவசாயம் என்றால் குறைவு.
நான்கு ஜூனும் விவசாயம் என்றே எழுதினேன்,
ஒரு சென்ட் நிலமில்லாதவளுக்கு.
என்ன பயிர் என்றார் மேனேஜர்.
கடல்பாசி என்றேன். பாதி பொய்யில்லை.

வருஷா வருஷம் கல்லில் ஒரு கோடு.
இருபத்து நாலு கிராம் கொஞ்சம் இளைத்தது,
கடன் மட்டும் எழுபதாயிரத்தில் தொடங்கி லட்சம் தாண்டியது.
"எடை கொறையுது, காசு கூடுது, எப்படிண்ணே?"
தங்கம் விலை ஏறுதும்மா.
"பாசி வெல ஏறலையே."
நான் ரசீதை நீட்டினேன்.

அவளிடம் சொல்லாதது ஒன்று.
கல்லைத் துடைக்கும் மெழுகு உருண்டை
என் இழுப்பறையில் இருக்கிறது.
வருஷக் கடைசியில் உருக்கினால்
எல்லாருடைய கோடும் சேர்ந்து மிளகளவு தங்கம்.
ராமநாதபுரத்தில் என் மகளுக்கு ஸ்கூல் வேன் பணம்
கமிஷனோடு அதையும் சேர்த்துத்தான் கட்டுகிறேன்.

இந்த ஜூனில் மகன் வந்தான், நம்புக்குமார்.
தங்கச்சி கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில்,
மாதம் பதினெட்டாயிரம்.
அவள் அனுப்பிய பணத்தில் சங்கிலியை மீட்டு
மை காய்வதற்குள் திரும்ப வைத்தான்.

நோக்கம்? என்றேன்.
சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.
"அவ படிச்ச நாலு வருஷத்துல
நான் கொண்டாந்தது, அவளுக்குக் கட்டினது,
எல்லாம் எழுதியிருக்கேன்ணே.
ரெண்டையும் அவ சம்பளம் தாண்ட
எட்டு வருஷம் ஆகும்.
அதுக்கப்புறம் அவ ஏறிக்கிட்டே போவா.
நான் போட்டுலதான்."

கோபமில்லை, டீசல் விலை சொல்கிற குரல்தான்.
வட்டியை நானும் கூட்டிப் பார்த்தேன்.
கணக்கில் தோற்றவன் போட்ட கணக்கு,
ஒரு ரூபாய் பிசகவில்லை.

விவசாயம் என்று எழுதி,
பயிர் என்ற இடத்தில் பேனாவை வைத்தேன்,
எடுத்தேன்.
பிறகு சங்கிலியைக் கல்லில் இழுத்தேன்,
வழக்கத்தைவிடச் சின்னதாக ஒரு கோடு.