பார்வையாளர், பச்சை நாடா

நந்தம்பாக்கம் வர்த்தக மையம், மூன்றாம் வாசல்.
அடையாள அட்டை அடிக்கும் மேசையில்
எனக்கு ஆறு நாள் வேலை.
அரசுகளுக்கு நீல நாடா,
பத்திரிகைக்குச் சிவப்பு,
பார்வையாளருக்குப் பச்சை.
உலகத்து உயிர்களைப் பற்றிப் பேச வந்தவர்களை
மூன்றாகப் பிரித்துக் கழுத்தில் மாட்டி
உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் பதினோரு மணிக்கு
செங்கல்பட்டுப் பக்கமிருந்து எட்டு இருளர்கள்.
முன்னால் நின்றவள் பெயர் தேசம்மா.
குடும்பப் பெயர் கேட்டது கணினி.
'ஒரே பேருதான்' என்றாள்.
கட்டம் காலியாக இருந்தால் நகராது அது.
அதையே இரண்டு முறை அடித்தேன்:
தேசம்மா தேசம்மா, இந்தியா.

'கீழ என்ன எழுதியிருக்கு?'
'பார்வையாளர்.'
திரும்பி மற்றவர்களிடம் சொன்னாள்.
எட்டுப் பேரும் சிரித்தார்கள்.
'சரியாத்தான் போட்டிருக்க.
வளை வாயைப் பாத்தே வயசாயிடுச்சு எங்களுக்கு.'

உள்ளே ஏசி குளிரென்று
மத்தியானங்களில் என் மேசைப் பக்கம் வந்துவிடுவாள்.
அட்டை ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்தபடி
ஒருநாள் சொன்னாள்:
விஷம் எடுத்த பாம்பின் வயிற்றுச் செதிளில்
சின்னதாய் ஒரு வெட்டு வைப்போம்.
விட்ட பாம்பு திரும்பப் பானைக்கு வந்தால்
வெட்டைப் பார்த்துவிட்டு
போம்மா என்று அனுப்பிவிடுவோம்.
'நாங்களும் அட்டை போடுறவங்கதான்.'
எத்தனை பிடிக்கலாமென்று வரவேண்டிய காகிதம்தான்
எந்த வளைக்குள் இருக்கிறதோ,
எத்தனை தோண்டினாலும் வெளியே வருவதில்லை.

நான்காம் நாள் இரவு இரண்டு மணிவரை
பதினேழாம் பத்தியில்
'ஒப்புதலுடன்' என்ற சொல்லுக்கு
அடைப்புக்குறி வேண்டுமா வேண்டாமா என்று
நீல நாடாக்கள் பேசினார்கள்.
எனக்குக் கூடுதல் நேரச் சம்பளம்
இன்னும் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை
பச்சை நாடா எட்டும்
சுருட்டப்பட்டு என் மேசையில்.
'விடிஞ்சா மாசி மகம்.
கன்னியம்மா மாமல்லபுரத்துக்கு வந்துடுவா.
நாங்க இல்லேன்னா தேடுவா.'
நாலு பத்துக்கு உங்களுக்கு மூணு நிமிஷம் இருக்கே, என்றேன்.
'வேணும்னா அவங்க அங்க வரட்டும்.
கடற்கரைக்கு நாடா வேணாம்.'

அவள் பின்னால்
தலையில் கிளியிறகு வைத்த அமேசான்காரர்,
கலைமான் மேய்க்கும் நார்வேக்காரி.
மொழி தெரியாது, வேன் தெரிந்தது.
மொத்தம் பத்து நாடா.

நாலு பத்துக்குத் திரையில் பார்த்தேன்.
தலைவர் பெயரை அழைத்தார், இரண்டு முறை:
தேசம்மா, தேசம்மா.
காலி நாற்காலிகளுக்கு முன்னால்
சிவப்பு விளக்கு எரிந்தது.
மேலே மீனம்பாக்கத்து விமானம் ஒன்று
கூரையைத் தடவிக்கொண்டு போனது.
'கருத்து ஏதுமில்லை' என்று பதிவானது.
எனக்கு எழுந்து சொல்லத் தோன்றியது.
என் நாடா சாம்பல் நிறம்.
அதற்கு மைக் கிடையாது.

எட்டு மணிக்கு வேலை முடிந்ததும்
ராமாபுரம் போகவேண்டியவள்
மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினேன்.

மணலில் குச்சி நட்டு
சேலைகளால் சுவர் கட்டியிருந்தார்கள்,
கண்ணுக்கு எட்டியவரை,
நிலா எல்லாச் சேலைக்குள்ளும் புகுந்து வந்தது.
யாரோ ஒருத்திக்குப் பூ வைத்து நிச்சயம்,
பக்கத்தில் பங்காளிச் சண்டை, மீன் குழம்பு.
கலைமான்காரியின் மடியில்
அடுத்த கூடாரத்துப் பிள்ளை தூங்கியது.
தேசம்மா என் கழுத்தைப் பார்த்துச் சிரித்தாள்.
அட்டையைக் கழற்ற மறந்திருந்தேன்.

விடியுமுன் ஈர மணலில் ஏழு படி கட்டி
பூவும் விளக்கும் வைத்தார்கள்.
சாமி வந்தவள் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து
'எல்லாரும் வந்தாச்சா?' என்று கேட்டாள்.
ஆளாளுக்குப் பெயர் சொன்னார்கள்,
ஒற்றைப் பெயர்.
இறகுக்காரரும் சொன்னார்.
என் முறை வந்தபோது
குடும்பப் பெயர் இல்லாமல் நானும் சொன்னேன்.
மூன்றாம் படிவரை கடல் வந்து போனது.

அங்கிருந்தே நேராக ஆறாம் நாள் வேலைக்கு.
பதினேழாம் பத்தியில் அடைப்புக்குறி அப்படியே இருந்தது.
என் விரலிடுக்கு மணல் உதிர்ந்து
அட்டை இயந்திரம் அன்று முழுக்க
லேசாகக் கரகரத்தது.