முப்பதாவது நாள்

இலவசம் இன்றோடு முடிகிறது.
டேஷ்போர்டில் பச்சை எழுத்து
ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.
கடன்காரன் குரலில் அல்ல,
பத்திரிகை வைக்க வந்தவர்போல் பணிவாக.

செயற்கைக்கோள் ரேடியோ, மாதம் இருநூற்று நாற்பது.
மஞ்சக்குப்பத்திலிருந்து
புதுச்சேரியில் ஆஸ்பத்திரி வாசல் வரை
ஐம்பது நிமிஷம்.
திரும்பி வருவதைக் கணக்கில் சேர்க்கவில்லை,
அப்போது எனக்கு எந்தச் சத்தமும் ஆகாது.

பில்லிங் கவுண்டரில் பதினோரு வருஷம்.
பஞ்சு இவ்வளவு, கையுறை இவ்வளவு,
மூச்சுக்குழாய் இவ்வளவு என்று
பிரித்துப் போட்டே பழகிய விரல்
ஸ்டியரிங்கில் மடங்குகிறது:
இருபத்தாறு வேலைநாள்,
நாளுக்கு ஒன்பது ரூபாய் சொச்சம்.
ஒரு டீக்கும் குறைவு.
ஆனால் டீக்கு யாரும் சந்தா கட்டுவதில்லை.

பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டாலும்
ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டி
முள்ளோடை வரட்டும் என்று
உருட்டிக்கொண்டே போகிறவள் நான்.
அந்தப் பக்கம் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம்.

பொய் சொல்வானேன்,
இந்த மாசி நன்றாகத்தான் போயிற்று.
நகைக்கடைக்காரர் கத்தவில்லை.
'ஹலோ, யாரு பேசறீங்க' இல்லை.
பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறிய நாகஸ்வரம்
கிருமாம்பாக்கத்தில்தான் இறங்கியது.

தவளக்குப்பத்தில் ஏறுகிற பெலிசித்தா,
எக்ஸ்ரே அறைக்காரி,
கதவைச் சாத்துமுன் தூங்கிவிடுகிறவள்,
ஒரு மாதமாகத் தூங்கவே இல்லை.
"ரொம்ப சுத்தமா இருக்குடி.
ஒண்ணுமே தெரியாத நெஞ்சுப் படம் மாதிரி.
அப்படி வந்தா இன்னொரு தடவை எடுக்கச் சொல்வாங்க."
சொல்லிவிட்டு
பாதி நான் தருகிறேன் என்று
நூற்றிருபதை எண்ணி கியர் பக்கத்தில் வைத்தாள்.
தீபாவளிச் சீட்டில் இரண்டு மாதம் பாக்கி வைத்திருப்பவள்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று.
பங்குனிக்குமேல்,
கடல் அசையாமல் புழுங்குகிற காலைகளில்,
பழைய ரேடியோவைப் போட்டுவைத்தால்
கன்னியக்கோயில் வளைவில்
உள்ளூர் ஸ்டேஷன் கரகரத்து நழுவும்.
அக்கரையிலிருந்து ஒரு பெண்குரல் ஏறும்.

மரண அறிவித்தல்.
இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும்
இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார்,
இன்னாரின் அன்பு மனைவியும்
கனடாவிலிருக்கும் இன்னாரின் பாசமிகு தாயாரும்,
இறுதிக் கிரியைகள் நாளை காலை பத்து மணிக்கு
நடைபெற்றுப் பூதவுடல்

அதற்குள் கிருமாம்பாக்கம்.
பற்பசை விளம்பரம் வந்து மூடிவிடும்.

பதினோரு வருஷத்தில்
இப்படி எட்டோ பத்தோ பேர்.
ஒருவரையும் மயானம்வரை கொண்டுபோய் விட்டதில்லை.
ஆஸ்பத்திரியில் நான் அச்சடிக்கும் கடைசித் தாளில்
அன்பு மனைவி என்றொரு கட்டம் கிடையாது.
படுக்கை எண் உண்டு.
முன்பணம் போக மீதி உண்டு.

வானத்திலிருந்து நேராக இறங்குகிற ரேடியோ
கடலை ஒரு வார்த்தை கேட்பதில்லை.
இதற்காகவா வேண்டாம் என்கிறாய் என்று
யாராவது கேட்டால்
பணம்தான் என்பேன்.
அதுவும் பொய்யில்லை.

முருங்கப்பாக்கம் சிக்னலில் சிவப்பு.
'நிறுத்து' என்பதைத் தொட்டேன்.
விடவில்லை, காரணம் கேட்டது.
விலை அதிகம். பாடல்கள் போதவில்லை.
ஒலித்தரம் சரியில்லை. மற்றவை.

மற்றவை.
எங்கள் பில்லிலும் கடைசியில் அது வரும்.
அதில் என்னென்ன என்று கேட்டு
கண்ணாடியைத் தட்டுகிறவர்களிடம்
அதெல்லாம் சேர்த்துத்தான் சார் என்பேன்.

தொட்டேன்.

பெலிசித்தாவின் பணத்தை
சில்லறை டப்பாவில் போட்டு மூடினேன்.
"ஐப்பசியில கட்டலாம். மழையில நாகஸ்வரம் நல்லா இருக்கும்."
"இப்ப ஏன் வேணாம்?"
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

பழைய ரேடியோவைத் திருகினேன்.
பற்பசை.
பாதி விளம்பரத்தில் அவள் தலை சாய்ந்து
கண்ணாடியில் மெல்ல முட்ட ஆரம்பித்தது.