எல்லா வேலையும் ஒரே நாளில்

செவ்வாய் மாலை நாலே முக்காலுக்கு
ஃபைல் திறக்க மறுத்தது.
அடையாளம் தெரியவில்லை என்றது,
இரண்டு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டவன்
முகத்தைப் பார்த்துச் சொல்வதுபோல.

சோஹாருக்குத் தெற்கே
கடலைக் குடிநீராக்கும் ஆலை.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வேலைகள்,
ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.
இது முடிந்தால்தான் அது.
அந்த 'தான்'-ஐக் காப்பாற்றத்தான்
எனக்குச் சம்பளம்.

பெயரை மாற்றிப் பார்த்தேன்.
ஐ.டி. பையன் பினோய் வந்து
எல்லாவற்றுக்கும் செய்வதையே இதற்கும் செய்தான்:
அணைத்துப் போட்டான்.
பேக்கப் இருக்கா சார்?
இருந்தது, அதே நோயோடு.
இரவு தவறாமல்
கெட்டுப்போனதையே நகலெடுத்து வைத்திருக்கிறோம்.

பதினொன்றரைக்கு
ஏதோ ஓர் இலவச மென்பொருள் வழியாகப்
பாதி உயிரோடு திறந்தது.
வேலைகளுக்குப் பெயர் இருந்தது,
ஒன்றுக்கொன்று உறவில்லை.
தேதி தொலைத்த எல்லாவற்றையும்
அது தன் நினைவின் முதல் நாளுக்கு அனுப்பியிருந்தது:
1984 ஜனவரி 1.

அன்று காலை எட்டு மணிக்கு மண் தோண்டுகிறார்கள்.
அதே எட்டு மணிக்குக் கூரைக்குப் பெயின்ட்.
கொரியாவில் இன்னும் கப்பலேறாத பம்ப்
ஓடிக்கொண்டிருக்கிறது.
ரிப்பன் வெட்டுகிறார்கள்.
எனக்குப் பிறக்கவே ஐந்து வருஷம் பாக்கி.
போர்ட்டா கேபினில் தனியாகச் சிரித்தேன்,
ஏசி இரைச்சலுக்குள் எனக்கே கேட்கவில்லை.

வியாழனுக்குள் வேண்டும் என்றார் ஹெய்தம்.

மறுநாள் ஒரு கிளிப் பலகையோடு
ஆள் ஆளாய்ப் போய்க் கேட்டேன்:
இதை எப்போது முடித்தீர்கள்?
வெல்டர்கள் விரலில் எண்ணினார்கள்.
குல் நவாஸ் ரமலானுக்கு முன், பின் என்று பிரித்தான்.
பலகை அடிக்கும் ஃபோர்மேன் சூசைமாணிக்கம்
சட்டைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்தார்,
வியர்வையில் அட்டை ஊறியது.
"ஓ.டி. கணக்கு சார். கம்பெனி மறந்தாலும்
நான் மறக்கக் கூடாதுல்ல."

மே 3. காங்கிரீட். 19 பேர். ரெண்டு மணி.
(நான் மேலே அனுப்பியது ஏப்ரல் 24.)
மே 9. கம்பி வரல. சும்மா.
ஜூன் 22. வேல நின்னுச்சு. வெயில்.
ஆறு பேர் விழுந்தாங்க. தில்பகதூர் ஆஸ்பத்திரி.
ஜூன் 23. இல்ல.
ஜூன் 24. இல்ல.

அந்த மூன்று நாளுக்கு
நான் தட்டியது நினைவிருக்கிறது:
கிரேன் பழுது.
மஞ்சள் கிரேன் முழு ஆரோக்கியத்தோடு
மூன்று நாளும் நின்றுகொண்டிருந்தது,
அதன் நிழலில் குல் நவாஸ் தூங்கினான்.

"தில்பகதூர் இப்ப எங்க?"
சூசைமாணிக்கம் என்னைப் பார்க்கவில்லை.
பக்கத்தைப் புரட்டினார்.
"ஊருக்குப் போயிட்டான்னாங்க."

போயிட்டான் என்று அவர் சொல்லவில்லை.
போயிட்டான்னாங்க.

அன்றிரவு முழுக்கக் கட்டினேன்.
இது முடிந்தால் அது,
அது முடிந்தால் இன்னொன்று,
நோட்டுப்படி, விரல்படி, ரமலான்படி.
ஜூன் 22 வந்தபோது
கர்சர் கொஞ்சநேரம் துடித்தது.
வெப்பம் என்று எழுதினேன்.
ஆறு பேர் என்றும் எழுதினேன்.
ஆலை பதினோரு நாள் பின்னால் போனது.

வியாழன் காலை
டாகுமென்ட் கன்ட்ரோலர் ரோவேனா
கைப்பைக்குள்ளிருந்து ஒரு பென்டிரைவ் எடுத்தாள்.
ஏதோ மீட்டிங்குக்காக ஆகஸ்டில் எடுத்துவைத்த நகல்.
ஒரே கிளிக்கில் திறந்தது,
ஒரு கீறலும் இல்லாமல்.
ஹெய்தம் எல்லாருக்கும் கரக் சாயா சொன்னார்.
செப்டம்பரை மட்டும் சேர், அனுப்பு.
சேர்த்தேன். அனுப்பினேன்.
கிரேன் மறுபடியும் பழுதானது.

என்னுடையது திரையின் ஓரத்தில் கிடக்கிறது,
'புதியது 2' என்ற பெயரில்.
காலையில் வந்ததும் இரண்டு முறை தட்டுவேன்.
இதுவரை திறக்கிறது.
ஜூன் வரை இறங்கிப் பார்த்துவிட்டு
மூடப்போவேன்.
ஒன்றையும் மாற்றாதபோதும் கேட்கும்:
மாற்றங்களைச் சேமிக்கவா?
ஆம் என்று அழுத்துவேன்.